கொதிக்க வைக்காத குழாய்

மே 6, புதன்

எட்டு நாள் கழித்து இன்றைக்குக் குடிதண்ணீர் வந்தது, அதுவும் நான் வேலைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து. தம்பி பெண்டாட்டி முப்பிடாதி கீழே குழாயடியில் நின்றுகொண்டு, "மைனி, நீங்க கெளம்புங்க. ஒங்க கொடத்தையும் நானே ரொப்பி மாடிக்கு ஏத்திருதேன்" என்றாள். நல்லவள்தான். பேச்சுதான் நீளம்.

லேப்பில் மூன்று பேருடைய ரத்தத்தில் கிருமி வளர்ந்திருந்தது. மூன்று பேருக்கும் பத்து நாளாக விடாத காய்ச்சல். கிருமி வளர்க்கிற தட்டைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, இருபத்தெட்டு வருஷமாக இந்த மூஞ்சியைத்தானே பார்க்கிறேன். ஆனால் மூஞ்சியைப் பார்த்து ரிப்போர்ட் எழுத முடியாது. எந்த வகையறா என்று சீரம் வைத்துப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் எமல்டா இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. தூத்துக்குடிக்காரர், கிருமிப் படிப்பில் பெரிய பட்டம், வயது முப்பதுகூட இருக்காது. ஸ்லைடைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "செண்பகாக்கா, ஒம்பதாம் நம்பர் சீரத்துல ஒண்ணுமே வரலியே?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவசரப்பட்டா எப்படி டாக்டர்? அவன் கோட்டு மாட்டிக்கிட்டு வந்திருக்கான், அதைக் கழத்த வேண்டாமா?" என்றேன்.

விஷயம் இவ்வளவுதான். இந்தக் கிருமிகள் ஒவ்வொன்றின் மேல்தோலிலும் ஓர் அடையாளம் இருக்கிறது. ஆன்டிஜன் என்கிறோமே, அதுதான். அதற்கு நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள், அதைக் காட்டிக்கொடுக்கிற சீரத்துக்கும் அதே நம்பர். இரண்டாம் நம்பர் சீரத்தோடு சேர்ந்தால் ஏ குரூப், நான்காம் நம்பரோடு சேர்ந்தால் பி, ஒன்பதோடு சேர்ந்தால் டி. ஸ்லைடில் ஒரு சொட்டு சீரம் விட்டுக் கிருமியைக் குழப்பி லேசாக ஆட்ட வேண்டும். அதற்குரிய சீரமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் பால் திரிந்த மாதிரி துகள் துகளாகிவிடும். டைபாய்டு, டி குரூப். ஆனால் டைபாய்டுக் கிருமிக்கு ஒரு திமிர் உண்டு. தோலுக்கு மேலே வி.ஐ. என்று இன்னொரு உறையைப் போர்த்திக்கொள்ளும். அது இருக்கும்வரை ஒன்பதாம் நம்பர் சீரம் உள்ளே இருக்கிற தோலைத் தொட முடியாது. ஸ்லைடு திரியாமல் அப்படியே நிற்கும். விவரம் தெரியாதவன் டைபாய்டு இல்லை என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். கிருமியை ஒரு கண்ணாடிக் குழாயில் உப்புத் தண்ணீர் விட்டுக் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் கால் மணி நேரம் அந்தக் குழாயை வைத்தால் உறை கழன்றுவிடும்.

வைத்தேன். மூன்றும் திரிந்தன. டாக்டர் எமல்டா, "நீங்க இல்லேன்னா இந்த லேப்பே இல்லக்கா" என்றார். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மே 8, வெள்ளி

பூதத்தான் சாத்தூரில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு மத்தியானம் வந்தான். என் தம்பி கல்யாணச் சமையல்காரன். கோவில்பட்டியிலிருந்து நாற்பது மைலுக்குள் அவனைத் தெரியாத மண்டபம் கிடையாது. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினேழு. நான் வளர்த்த பிள்ளை. இப்போது நான் இருக்கிற மாடிகூட அவன் எனக்காகக் கட்டியதுதான்.

தூக்குச்சட்டியில் தயிர்சாதம் கொண்டுவந்தான். சாம்பார், கூட்டு, பாயசம் எல்லாவற்றையும் ஆட்களிடம் விட்டுவிடுவான், தயிர்சாதத்தை மட்டும் விடமாட்டான். அண்டாவுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு அவனே பிசைவான். "கரண்டி போட்டா சோறு ஒடையும், கை போட்டாத்தான்க்கா கொழையும்" என்பான். கடைசிப் பந்தியில் அவனே பரிமாறவும் செய்வான். சின்னப் பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்டால் அவனுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது, அவ்வளவு சந்தோஷம்.

நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். வெயில் தாங்கவில்லை.

மே 11, திங்கள்

காய்ச்சல்காரர்கள் ஏழு பேர் ஆகிவிட்டார்கள். டாக்டர் எமல்டா சும்மா இருக்கமாட்டார், ஒவ்வொருவர் வீட்டுக்கும் போன் போட்டு எங்கே சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்று தாளில் எழுதிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு எழுந்து வந்தார். "அக்கா, ஏழு பேரும் ஒரே கல்யாணத்துல சாப்பிட்டிருக்காங்க. ஏப்ரல் பத்தொம்பது. அதுல ஒருத்தி கல்யாணப் பொண்ணே. கோமதின்னு பேரு. இன்னொருத்தர் அவ மாமனார்."

"தண்ணியா இருக்கும். கோடையில லாரித் தண்ணிய நம்பலாமா?" என்றேன்.

"இருக்கலாம். ஹெல்த் இன்ஸ்பெக்டர்ட்ட சொல்லிருக்கேன். சமையல் ஆரு, பரிமாறுனது ஆருன்னு விசாரிப்பாரு."

விசாரிக்கட்டும். சமையல் யார் என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். லாரித் தண்ணியாகத்தான் இருக்கும்.

இரவுச் சாப்பாட்டுக்கு முப்பிடாதி கூப்பிட்டாள். பசியில்லை என்றேன். மோராவது குடியுங்கள் என்றாள். மோரும் வேண்டாம் என்றேன்.

மே 13, புதன்

ஹெல்த் இன்ஸ்பெக்டர் தவசிமுத்து ஆறு டப்பாக்களோடு வந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். சமையல் குழுவில் ஆறு பேருடைய மலம், ஒன்றிலிருந்து ஆறு வரை நம்பர். ஆறாம் நம்பர் தலைமைச் சமையல்காரர். மாவட்ட லேப்பில் கூட்டம் தாங்கவில்லையாம், அதனால் இங்கே.

"பூதத்தான் ஒங்க தம்பிதானம்மா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. நீங்களே பாத்தா எனக்கும் தைரியம்."

டாக்டர் எமல்டா என் முகத்தைப் பார்த்தார். "அக்கா, சொந்தக்காரங்கன்னா நான் செய்யட்டுமா? ஒங்களுக்குச் சங்கடமா இருக்கும்."

"எனக்கென்ன சங்கடம்? டப்பாவுல நம்பர்தான் இருக்கு, சொந்தமா எழுதியிருக்கு?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அவர் சரி என்று போய்விட்டார். பாவம், நல்ல பெண்.

மே 15, வெள்ளி

ஐந்து தட்டு சுத்தம். ஆறாவதில் நிறமில்லாத சின்னச் சின்னப் புள்ளிகள். டைபாய்டு மட்டுமா, நிறமில்லாமல் எத்தனையோ கிருமி வளரும், அதற்காக ஒன்றும் இல்லை.

குழாய்களைக் கொதிக்க வைக்கிற வாட்டர் பாத்தின் பிளக் கருகிப்போயிருந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து புதுசு மாட்டினான். நானே தண்ணீர் ஊற்றிப் போட்டுப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் தளதளவென்று கொதிக்கிறது.

கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். மாடியில் நானே பொங்கிக்கொள்கிறேன் என்று முப்பிடாதியிடம் சொல்லிவிட்டேன். "ஏன் மைனி, எங்க கொழம்பு கசக்கா?" என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

மே 16, சனி

கிருமி எந்தெந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கிறது என்று பார்க்க ஆறாவதைச் சர்க்கரைச் சோதனைகளுக்குப் போட்டேன். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

மே 18, திங்கள்

சர்க்கரைச் சோதனைகள் எல்லாம் புத்தகத்தில் டைபாய்டுக்குப் போட்டிருக்கிற மாதிரியே வந்திருந்தன. புத்தகம் என்ன வேதமா? சீரம்தான் முடிவு சொல்ல வேண்டும். ஒன்பதாம் நம்பர் சொட்டு விட்டேன், குழப்பினேன், ஆட்டினேன். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. திரியவில்லை. கண்ணுக்கு நேரே, விளக்கு வெளிச்சத்தில், வழவழவென்று அப்படியே நின்றது. யார் வந்து பார்த்தாலும் அதையேதான் சொல்வார்கள்.

உறைக்கென்று இருக்கிற வி.ஐ. சீரம் போன மாதமே தீர்ந்துவிட்டது. வாட்டர் பாத் வேலை செய்யவில்லை. நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்? எழுதினேன்: "ஒன்பதாம் எண் சீரத்துடன் திரளவில்லை. டைபாய்டுக் கிருமி அல்ல."

டாக்டர் எமல்டா கையெழுத்துப் போடுமுன் பேனாவை நிறுத்திக்கொண்டு, "கொதிக்க வச்சுப் பாத்தீங்கல்லாக்கா?" என்றார்.

"பின்னே? எனக்கு நீங்க சொல்லித் தரணுமா?" என்றேன்.

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. கையெழுத்துப் போட்டார். நான் கொதிக்க வைத்தேன் என்று சொல்லவில்லை. கேட்டதற்குத் திருப்பிக் கேட்டேன், அவ்வளவுதான்.

மற்ற குழாய்களையெல்லாம் கிருமி சாக ஆட்டோகிளேவில் போட்டேன். ஆறாவதைப் போட மறந்துவிட்டேன். ஃபிரிட்ஜில் பின்வரிசையில் கிடக்கிறது.

மே 20, புதன்

பூதத்தானுக்கு எட்டயபுரம் ரோட்டில் கல்யாணம், நானூறு இலை. என் ரிப்போர்ட்டை லேமினேஷன் பண்ணி வேன் கண்ணாடியில் ஒட்டிவிட்டான். "நெருப்புன்னா வாய் வெந்துருமாக்கா? ஆயிரம் பேசுனானுவ. இப்ப ஒரு பய வாயத் தொறக்கட்டும்" என்று சிரித்தான். முப்பிடாதி எனக்குத் திருஷ்டி கழித்துப் போட்டாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

எனக்குக் காலையிலிருந்து ஸ்டூலில் உட்கார முடியவில்லை. கழுவின ஸ்லைடையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

மே 21, வியாழன்

கோமதியின் அம்மா லேப்புக்கு வந்தாள். ஆவுடைத்தங்கம் என்று பெயர், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"எம்பொண்ணு கல்யாணத்துக்கு முந்தியே சீக்காளியாம்மா. நாங்க மறச்சுக் கெட்டிக் குடுத்துட்டோமாம். மாப்ள வீட்டுல சொல்லுதாவ. மாமனாருக்கும் காச்சல் வந்துட்டுல்லா, 'எல்லாம் இவ கொண்டாந்தது, இவ காலடி வச்ச நேரம்'ங்காவ. ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆளு எட்டிப் பாக்கல. சொகமானாலும் அங்க அனுப்பாதீயன்னு மாமியாக்காரி ஆள் விட்டுச் சொல்லிட்டா. தாலி கெட்டி ஒரு மாசம் ஆவுது. ஒரு சீட்டு எழுதித் தாங்கம்மா, இது சாப்பாட்டுல வந்த நோவுன்னு. அது போதும் எங்களுக்கு."

"எங்கேருந்து வந்துதுன்னு லேப்புல எழுதித் தர மாட்டோம்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அவள் இரண்டடி பின்னால் போய்விட்டாள். கும்பிட்டுவிட்டுப் போனாள். என்னைப் போய்க் கும்பிட வேண்டுமா?

மே 23, சனி

ஒவ்வொரு ஸ்லைடையும் கொதிக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சட்டமா போட்டிருக்கிறது? அன்றைக்கு நேரம் இல்லை. பதினோரு மணிக்கு ரிப்போர்ட் வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். என்னதான் செய்வாள் ஒருத்தி?

நேற்று ஒரு காதுகுத்து. நாளைக்கு அவனுக்கு ஒரு புதுவீடு பால்காய்ப்பு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பூதத்தானுக்கு வந்தது டைபாய்டுதான். இருபத்திரண்டு நாள் கிடந்தான், நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். அப்போது எடுத்த ஸ்கேனில் பித்தப்பையில் கல் என்று வந்தது. ஆபரேஷன் என்றதும் பயந்து, ஆவணி போகட்டும், தை போகட்டும் என்று தள்ளினான். நானும் கட்டாயப்படுத்தவில்லை. கல்லில் ஒட்டிக்கொண்டு இந்தக் கிருமி வருஷக்கணக்காகக் குடியிருக்கும். சுமக்கிறவனுக்கு ஒரு காய்ச்சல், ஒரு தலைவலி இருக்காது. ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருப்பான். அவன் கை பட்டதைத் தின்றவன்தான் விழுவான்.

இதெல்லாம் பழைய கதை. எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

மே 24, ஞாயிறு

தவசிமுத்து வீட்டுக்கே வந்துவிட்டார், பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு. தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கு, பத்திரிகை. வருகிற ஞாயிறு, முப்பத்தொன்றாம் தேதி அவர் மகளுக்குக் கல்யாணம்.

"வேற ஒருத்தர்ட்டதாம்மா சமையலுக்குச் சொல்லிருந்தேன். ஒங்க ரிப்போர்ட்டப் பாத்த அன்னைக்கே மாத்திட்டேன். ஊர்ல ஒருத்தன் சுத்தம்னு சர்ட்டிபிகேட் வாங்கிருக்கான்னா அது ஒங்க தம்பிதான். எண்ணூறு இலை. ஒங்க மேல உள்ள நம்பிக்கைதாம்மா எல்லாம்."

அவர் மனைவி எனக்குக் குங்குமம் வைத்துவிட்டாள். அவர்கள் போன பிறகு அந்தப் பழத்தைத் தொடக்கூடப் பிடிக்கவில்லை. மொட்டைமாடிக்குப் போனேன், இறங்கினேன், மறுபடி போனேன். துணியை மடித்தேன். மடித்ததைக் கலைத்தேன்.

மே 25, திங்கள்

காலையில் பூதத்தானைப் பிடித்தேன். முற்றத்தில் உட்கார்ந்து வேட்டிக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தான்.

"லே, முப்பத்தொண்ணு வேண்டாம்னு சொல்லிரு."

"என்னக்கா வெளயாடுதியா? வெத்தல பாக்கு வாங்கியாச்சு."

"ஒடம்பைப் பாரு. கல்ல வயித்துல வச்சுக்கிட்டு எத்தன நாள் அலைவ? ஒரு மாசம் எல்லாத்தையும் நிப்பாட்டு. ஆபரேஷனைப் பண்ணிருவோம்."

"ஆடியில பண்ணுவோம். இப்ப எனக்கென்ன? நீதான சுத்தம்னு எழுதிக் குடுத்திருக்க?"

"அப்ப தயிர்சாதத்தையாவது கரண்டி போட்டுக் கிண்டு."

நீலத் தண்ணீரிலிருந்து கையை எடுத்து உதறினான். "ஏன்க்கா? எங்கையில என்ன?"

அதற்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மே 26, செவ்வாய்

கோமதிக்குக் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. மத்தியானம் ஆபரேஷன். ரத்தம் பொருத்தம் பார்க்க என்னிடம்தான் வந்தது. அவளுக்கு இருபத்தொரு வயது. இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை ஆவுடைத்தங்கம் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

ராத்திரி ஏழரைக்கு, பிழைத்துக்கொள்வாள் என்று சொன்னார்கள். உறுதியாகச் சொல்லவில்லை.

மே 27, புதன்

ஏழு மணிக்கே லேப்புக்குப் போய்விட்டேன். ஆறாவது குழாயை எடுத்தேன். வாட்டர் பாத்தைப் போட்டேன். அது வேலை செய்தது. அன்றைக்கும் வேலை செய்தது. வி.ஐ. சீரம் இல்லை என்பது உண்மை, நேரம் இல்லை என்பது பொய். சோறு வேகிற நேரம்கூட ஆகாத வேலை அது.

கால் மணி நேரம். நின்றேன், நடந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். பாதியில் சுவிட்சை அணைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. யாரும் பார்க்கவில்லை. அணைத்தால் உறை போகாது, உறை போகாவிட்டால் என் தம்பி என் தம்பியாகவே இருப்பான். ஐயோ, என்ன புத்தி இது என்று என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன்.

ஆறவிட்டு, ஒரு சொட்டை எடுத்து ஒன்பதாம் நம்பர் சீரத்தில் குழப்பினேன். ஆட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. ரவை ரவையாகத் திரிந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வெறும் உப்புத் தண்ணீரில் குழப்பி வைத்த சொட்டு திரியாமல் நின்றது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"என்னதுக்கா அது?" டாக்டர் எமல்டா எப்போது வந்து பின்னால் நின்றாரோ தெரியாது.

"ஆறாவது."

"எந்த ஆறாவது?"

"என் தம்பி. கொதிக்க வைக்காமலே எழுதிட்டேன் டாக்டர். தெரிஞ்சுதான் எழுதுனேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "நானும் அதுல கையெழுத்துப் போட்டிருக்கேன்க்கா. ஒங்கள எப்படிச் சந்தேகப்படுறதுன்னு போட்டேன்" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

புது ரிப்போர்ட்டை என் கையாலேயே எழுதினேன். "முதல் சோதனையில் குழாய் கொதிக்க வைக்கப்படவில்லை. தவறு என்னுடையது. செண்பகவல்லி." அதோடு ஸ்லைடு வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். இனி வாசலில் உட்கார்ந்து வருகிற மாதிரிகளின் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

மே 28, வியாழன்

தவசிமுத்து வந்தார். என்னைப் பார்த்துக் கத்துவதற்கு வாயைத் திறந்தார், கத்தவில்லை. "மூணு நாள்ல எம்மக கல்யாணத்துக்கு ஆள் பாக்கணும்மா நான்" என்று மட்டும் சொன்னார். நேற்றுச் சாயங்காலமே பூதத்தான் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிச் சமையலை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். வேன் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பிய்த்துக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

நேற்று நான் வீடு திரும்பியபோது கீழே கதவு சாத்தியிருந்தது. இன்றைக்கும் சாத்தியிருக்கிறது.

மே 29, வெள்ளி

முப்பிடாதி மாடிப்படி ஏறி வந்து கத்தித் தீர்த்தாள். "கூடப் பொறந்தவளா நீங்க? ஊருல ஆயிரம் லேப் இருக்கு, நீங்க ஏன் பாத்தீய? பாத்ததுதான் பாத்தீய, வாய மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? இனி எந்த வீட்டுல எங்களக் கூப்பிடுவாவ?" இந்த வசவு எனக்கு லேசாகத்தான் இருந்தது. இதை எதிர்பார்த்துத்தானே பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குப் பின்னால் பூதத்தான் வந்து நின்றான். "நீ கீழ போ" என்று அவளை அனுப்பினான். இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தான். குளிரில் நிற்கிறவன் மாதிரி.

"எப்பக்கா ஒனக்குத் தெரியும்?"

"பதினெட்டாம் தேதி. அதுக்கு முந்தியே தெரியும்னு வச்சுக்கோ."

கணக்குப் போட்டான், உதடு அசைந்தது. "இருபது எட்டயபுரம் ரோடு. இருபத்திரண்டு காதுகுத்து. இருபத்துநாலு பால்காய்ப்பு. மூணுலயும் நாந்தான பெசஞ்சேன்."

"லே, ஒன் பொழப்பு போயிரக் கூடாதுன்னுதான்..."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா கையக் கெட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்லா? பொழப்பு போனா மூட தூக்கிப் பொழைப்பேன். பிள்ளையளுக்குப் போட்டேனேக்கா. என்னைப் போட விட்டுட்டியே."

அவன் அழுது நான் இருபது வருஷமாகப் பார்த்ததில்லை. பக்கத்தில் போனேன். "தொடாத" என்று நகர்ந்தான். என் மேல் உள்ள கோபத்திலா, தன் கையை நினைத்தா என்று தெரியவில்லை.

ஜூன் 2, செவ்வாய்

கோமதி கஞ்சித் தண்ணீர் குடித்தாள். டாக்டர் எமல்டா ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்தார்: இது ஏப்ரல் 19 விருந்தில் பரவிய நோய், பெண்ணுக்கு முன்பே இருந்ததல்ல. நானே கொண்டுபோய் ஆவுடைத்தங்கத்திடம் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"சமையல்காரரு ஒங்களுக்கு என்ன வேணும்மா?"

"தம்பி."

தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. மறுபடி கும்பிடவும் இல்லை.

ஜூன் 4, வியாழன்

பூதத்தான் மாத்திரை சாப்பிடுகிறான். பித்தப்பை ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று, ஆடி வேண்டாம் உடனே என்று அவனே சொன்னானாம். அடுப்படிப் பக்கம் போவதில்லை. தன் தட்டு, தன் டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறான். மணிக்கு ஒரு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறான், மாடிக்குச் சத்தம் கேட்கிறது. என்னிடம் ஒரே ஒரு பேச்சுதான். புதுக் காய்ச்சல் கேஸ் லேப்புக்கு வந்ததா என்று கேட்க, சாயங்காலம் நான் வரும்போது படிக்கட்டுப் பக்கத்தில் நிற்பான்.

"ஏதும் வந்துச்சா?"

"இல்ல."

உள்ளே போய்விடுவான்.

ஜூன் 5, வெள்ளி

"ஏதும் வந்துச்சா?" "இல்ல."

ஜூன் 6, சனி

இல்ல.

ஜூன் 8, திங்கள்

காய்ச்சல்காரர்கள் மூன்று பேருடைய ரத்தம் சோதனைக்கு வந்தது. பதிவேட்டில் பெயரை நான்தான் எழுதினேன். எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர், கேட்டேன். மூன்று பேரும் ஒரே இடம்தான் சொன்னார்கள்: மே 20, எட்டயபுரம் ரோட்டுக் கல்யாணம்.

எழுதும்போது பேனா ஓடவில்லை. டாக்டர் எமல்டா வந்து பதிவேட்டைப் பார்த்தார். "மருந்து இன்னைக்கே ஆரம்பிச்சாச்சுக்கா" என்று மட்டும் சொன்னார். தட்டில் வளர்ந்து வருவதற்கு முன்பே அது என்னவென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வீட்டுக்குப் போக முடியாமல் இரண்டு தெரு சுற்றினேன். அவன் நின்றுகொண்டிருந்தான்.

"ஏதும் வந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"மூணு பேரு. இருபதாம் தேதிக் கல்யாணம்."

"பேரைச் சொல்லு."

ஒரு பெரியவர் பெயரைச் சொன்னேன். தெரியாது என்று தலையாட்டினான். வீடியோ எடுக்க வந்தவர் பெயரைச் சொன்னேன். அதற்கும் தலையாட்டினான்.

"அப்புறம்?"

"செவ்வந்தின்னு ஒரு பிள்ளை. ஏழு வயசு."

படியில் உட்கார்ந்துவிட்டான். "ரெட்டச் சடையா?"

"ஆமா."

"அவ அம்மாக்காரி, 'செவ்வந்தி, போதும்டி, வயிறு வெடிச்சிரும்'ங்கா. இவ எலையத் தூக்கிக்கிட்டு எனக்கு நேரா வாரா. அண்டாவுல ஒண்ணுமில்ல. நாந்தான் சொரண்டிப் போட்டேன்."

எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று கேட்டான். சொன்னேன். உள்ளே போய்க் கை கழுவினான், வெகுநேரம் கழுவினான். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு அவன் பின்னால் வாசல் வரைக்கும் போனேன்.

"நீ வராத" என்றான்.